நகராமல் மலையேறிய வண்டி

அச்சகக்காரர் அந்த வண்டியை வாங்கியதற்குக் காரணம் அதன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு வட்டச் சீட்டு. ‘லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்’ என்று பச்சை மையில் அச்சாகியிருந்தது. அதன் கீழே எரிபொருள் சிக்கன அளவீட்டு ஆணையத்தின் முத்திரை. அச்சடித்ததையெல்லாம் நம்பக்கூடாது என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தெருவில் இருந்த மூன்று சலவைக் கடைகளுக்கும் ‘நகரின் முதன்மையான சலவையகம்’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு முத்திரையைப் பார்த்ததும் சாய்ந்துவிட்டார்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது நடுத்தர கிராஸ்ஓவர் எஸ்யூவி. அதாவது காரும் இல்லை, ஜீப்பும் இல்லை. காடு மேடெல்லாம் தாண்டிவிடுவேன் என்ற முகத்தை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நிறுத்த இடம் தேடி அலையும் சாதி. மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அது வளைந்து உள்ளே வருவதைக் கண்டாலே பெட்ரோல் பங்க்கில் இருப்பவர்கள் மரியாதையாக நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

போன வருஷம் அந்த வண்டியில் முதன்முதலாக மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியில் மனைவி, “பெட்ரோல் போட்டுக்கலாங்க, மேல பங்க் கிடையாது” என்றாள். அச்சகக்காரர் வண்டியின் திரையைக் காட்டினார். இன்னும் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகலாம் என்று அது சொன்னது. மகள் ஊருக்கு அதில் பாதிதான் தூரம். “படிச்சவங்க கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க, நீ சும்மா இரு” என்றார். மலைப்பாதையில் சில வளைவுகள் ஏறியதும் திரை மனம் மாறியது. இருநூற்றைம்பது எண்பதாயிற்று, எண்பது பத்தாயிற்று, அப்புறம் வெறும் கோடு. வண்டி நின்றது. பட்டுப்புடவை கட்டிய மனைவியும் அவரும் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். வரவேற்க வாசலில் நின்றிருந்த சம்பந்தி, கைகொடுத்து அவர்களை இறக்கிவிட்டார். மானம் கப்பலேறியது.

அன்றிலிருந்து எப்போது பார்த்தாலும் சம்பந்திக்கு ஒரே கேள்விதான். “அடுத்த தடவை எதுல வர்றதா உத்தேசம்? காரா, கோஸா?”

இப்போது மகளுக்குப் பிரசவ நேரம். மனைவி முன்கூட்டியே அங்கே போய்விட்டாள். டாக்டர் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார். அச்சகக்காரர் தேக்கு மரத்தில் ஒரு தொட்டில் செய்யச் சொல்லி, மெருகு போட்டு, வண்டியின் பின்னால் ஏற்றிக் கட்டினார். மகள் போனில், “அப்பா, கொழந்தையை மொதல்ல நீங்கதான் கையில வாங்கணும். இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துடுங்கப்பா” என்றாள். அந்த ‘இந்தத் தடவையாவது’ அவருக்குச் சுருக்கென்றது.

மனைவி போனை வாங்கினாள். “டேங்க்கை நெறப்பிக்கோங்க. கூட ஒரு கேன்லயும் பிடிச்சு வெச்சுக்கோங்க. நேரா வாங்க. நடுவுல யார்கிட்டயும் நியாயம் கேக்கப் போகாதீங்க.”

அவர் டேங்க்கை நிரப்பினார். கேன் வாங்கவில்லை. ஆணையம் இருபத்திரண்டு என்று முத்திரை குத்தியிருக்கும்போது கேனைத் தூக்கிக்கொண்டு போனால் அது யாருக்கு அவமானம்? நியாயம் கேட்கவும் போனார். ஆணையத்தின் தலைமை அலுவலகம் மலையடிவாரத்திலேயே, போகிற வழியிலேயே இருந்துதொலைத்தது. அரை மணி நேரம் ஒதுக்கினால் ‘நம்பர் தப்பு, இவர் மேல் பிழையில்லை’ என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதைச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டலாம். பிறக்கப்போகும் குழந்தையைவிட அந்த ஒரு வரிதான் அன்று காலை அவர் மனதில் பெரிதாக இருந்தது. அதற்கான தண்டனையை அவர் அனுபவித்தார் என்பதால் நாம் தனியாகத் திட்ட வேண்டியதில்லை.

ஆணையத்தின் வாசலில் ஒரு பெரிய படம். பனி மூடிய மலைமேல் ஒரு எஸ்யூவி ஒய்யாரமாக நின்றது. வண்டிக்குள் ஆளே இல்லை. ஆளில்லாமல் அது எப்படி மேலே போனது என்று அச்சகக்காரர் யோசித்தார். வாகனம் நிறுத்துமிடத்தில் அதிகாரிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் அவருடையதைப் போன்றவையே. ஒவ்வொன்றின் பின்கண்ணாடி வழியாகவும் இரண்டிரண்டு பெட்ரோல் கேன்கள் தெரிந்தன. ஆராய்ச்சிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆய்வு அதிகாரி அவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“வண்டி எவ்வளவு குடுக்குதுன்னு சொல்றீங்க?”

“பத்து, பதினொண்ணுதாங்க. மலையேறினா அதுவும் இல்ல.”

“மலை ஏறுனீங்களா?”

“பொண்ணு வீடு மலைமேல இருக்குங்க.”

“ஏறுன மலையை இறங்குனீங்களா?”

“இறங்கலீங்களே. அதுக்குள்ள பெட்ரோல் தீந்துடுச்சு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பாத்தீங்களா! ஏறும்போது செலவு, இறங்கும்போது மிச்சம். நீங்க செலவை மட்டும் பாத்துட்டு, மிச்சத்தை வாங்கிக்காம நடுவழியிலேயே நின்னுட்டீங்க. தப்பு வண்டி மேலயா?”

அச்சகக்காரருக்கு ஒரு நிமிஷம் தான் செய்தது தப்புதான் என்றே பட்டது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, “நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்து சொல்லிடுங்க சார்” என்றார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி யாராவது கேட்டால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்குமே சந்தோஷம். அதற்கென்றே ஓர் அறை இருந்தது.

அது ஜன்னல் இல்லாத பெரிய அறை. தரையில் இரும்பு உருளைகள் பதித்திருந்தார்கள். வண்டியின் சக்கரங்கள் அவற்றின் மேல் நிற்கும். வண்டியை ஓட்டினால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், சுவரில் உள்ள திரையில் கிலோமீட்டர் ஓடும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஆளுயர விசிறி ஒன்று இருந்தது. அதுதான் எதிர்க்காற்று. அதிகாரி அதைத் தட்டிக் காட்டி, “இதைவிட ஒழுங்கான காத்து வெளியில கெடைக்காது. வெளியில அது இஷ்டத்துக்கு அடிக்கும்” என்றார்.

நீலச் சட்டை போட்டவர்கள் வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். அறைக்குள் பின்னால் யாரும் வரப்போவதில்லை என்பதால் அவை தேவையில்லையாம். ஸ்டெப்னி டயர் போனது. பின்சீட் போனது. கதவு இடுக்குகளில் டேப் ஒட்டினார்கள். டயர்களில் காற்றை ஏற்றி ஏற்றிக் கல்லாக்கினார்கள். ஏசியின் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். டேங்க்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் குழாய் வைத்து இறக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். “வெளிப் பெட்ரோல் நம்பகமானதில்ல. எங்க பெட்ரோலை அளந்து ஊத்துவோம்” என்று விளக்கமும் கிடைத்தது.

கடைசியாகத் தொட்டிலின் கயிற்றை அவிழ்த்தார்கள்.

“சார், அது என் பேரப்பிள்ளைக்கு!”

“கொழந்தை பொறந்துடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்போ இது வெறும் சுமை” என்று சொல்லி அதைச் சுவரோரம் வைத்தார்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளைப் போட்டு வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. தொட்டில் தோதாக இருந்தது.

பிறகு ஆணையத்தின் தரச் சோதனை ஓட்டுநர் அழைத்துவரப்பட்டார். அப்படி ஓர் ஒல்லியை அச்சகக்காரர் பார்த்ததே இல்லை. விசிறியின் முன்னால் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பதினெட்டு வருஷ அனுபவம், ஒரு விபத்துகூட இல்லை என்று அதிகாரி பெருமையோடு அறிமுகம் செய்தார். ஒல்லி ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பதைப் போல ஆக்சிலரேட்டரில் கட்டைவிரலை வைத்தார்.

“வெளியில என்ன வண்டி ஓட்டுறீங்க?” என்று அச்சகக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

“வெளியிலயா? பயமுங்க. வெளியில எல்லாம் நகருது” என்றார் அவர்.

சோதனை முடிந்தது. திரையில் எண் வந்தது. இருபத்திரண்டு. நீலச் சட்டைகள் கைதட்டினார்கள். தினமும் இதே எண்ணுக்குத்தான் தட்டுவார்களாம், ஆனாலும் அலுக்கவில்லை.

“ஆக, வண்டி சரி” என்றார் அதிகாரி. “அப்போ பழுது எதுல?” அவருடைய பார்வை அச்சகக்காரரின் தொந்தியில் வந்து நின்றது.

இந்த நேரத்தில் ஆணையத்தின் இயக்குநர் உள்ளே வந்தார். நல்ல சட்டை, நல்ல மூக்குக்கண்ணாடி, பேசும்போது தன் குரலைத் தானே ரசிக்கும் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. இரங்கினார். நீலச் சட்டைகள் தாமாகவே வரிசையில் நின்றதிலிருந்து, ஒரு சொற்பொழிவு வரப்போகிறது என்று அச்சகக்காரருக்குப் புரிந்தது.

“ஐயா, முப்பது வருஷமா இந்த அறையில ஒரு வண்டிகூட நடுவழியில நின்னதில்ல. ஒரு வண்டிகூட வழி தவறினதில்ல. ஒருத்தருக்குக்கூட அடிபட்டதில்ல. இந்த நாட்டுல வேற எந்த சாலையைப் பத்தியாவது இப்படிச் சொல்ல முடியுமா? சாலைன்னா என்ன? பள்ளம், மேடு, மழை, சிக்னல், குறுக்க வர்ற நாய். அதுல போய் ஒருத்தர் உண்மையைத் தேட முடியுமா? உண்மைக்கு நிழல் வேணும், கூரை வேணும், கதவைச் சாத்தி வெக்கணும். கம்பெனிக்காரங்க எங்களை எவ்வளவு மதிக்கிறாங்க தெரியுமா? வண்டியை டிசைன் பண்றதுக்கு முன்னாடியே வந்து, என்ன நம்பர் வேணும்னு எங்ககிட்ட சொல்லிடுவாங்க. அந்த அளவுக்கு நம்பிக்கை! நாங்களும் ஒரு தடவைகூட அவங்களை ஏமாத்தினதில்ல.”

“என்னை ஏமாத்திட்டீங்களே சார்” என்றார் அச்சகக்காரர்.

“நீங்க யாரு? ஓட்டுறவர். எங்க அளவீட்டுல ஓட்டுறவருக்கு இடமே இல்லையே, அப்புறம் எப்படி உங்களை ஏமாத்த முடியும்?”

அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். ஒன்று மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. “கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. வெளியில உங்க வண்டிங்க எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கேன் இருக்கே, அது எதுக்கு?”

நீலச் சட்டைகள் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் கொஞ்சமும் அசரவில்லை.

“நாங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?” என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. மனைவி. “ஏங்க, இவளுக்கு வலி எடுத்துடுச்சு. டாக்டர் சொன்ன தேதியெல்லாம் சும்மா. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்குறா. நீங்க எங்க இருக்கீங்க?”

“அடிவாரத்துல” என்றார்.

“பெட்ரோல் போட்டீங்களா?”

“போட்டேன்” என்றார். அது பொய்யில்லை. இறக்கிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. போனை வைத்தார். வண்டியைப் பார்த்தார். கண்ணாடி இல்லை, சீட் இல்லை, ஏசி பெல்ட் ஆணியில் தொங்கியது, டேங்க்கில் ஆணையத்தின் அளந்த பெட்ரோல் ஒரு சொம்பு இருக்கும்.

“சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நம்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டியை மாட்டிக் குடுத்துடுங்க. என் பொண்ணுக்குப் பிரசவம். நான் மலைக்குப் போகணும்.”

“பாதியில மாட்ட முடியாது. ஒரு சோதனையை ஆரம்பிச்சா முடிக்கணும். இன்னும் உங்களைச் சோதிக்கலையே” என்றார் அதிகாரி. இயக்குநர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். அவர் முகத்தில் ஒரு பெரிய யோசனையின் வெளிச்சம்.

“மலைக்குத்தானே போகணும்? இங்கேயே போயிடலாமே!”

மறுபேச்சுக்கு இடமில்லாமல் அச்சகக்காரரை வண்டியில் உட்காரவைத்தார்கள். மகள் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டு, அதற்கு அளந்து பெட்ரோல் ஊற்றி, தூரத்தை இயந்திரத்தில் ஏற்றினார்கள். மலை எவ்வளவு உயரம் என்று கேட்டு, அதை எடுத்துவிட்டார்கள். ஏற்றமும் இறக்கமும் நீண்டகால நோக்கில் சமமாகிவிடுவதால் ஆணையத்தின் கணக்கில் மலைகள் எல்லாம் தரையே. வளைவுகளையும் நேராக்கிவிட்டார்கள். ஒல்லி ஓட்டுநர் பக்கத்தில் நின்று, “மூச்சை அடக்கி ஓட்டுங்க” என்று சொல்லிக்கொடுத்தார்.

அவர் ஓட்டினார். வேறு என்ன செய்வது? இதை முடித்தால்தான் வண்டி கைக்கு வரும். முதலில் அவசரத்தில் அழுத்தி மிதித்தார். “மெதுவா, மெதுவா! யாருக்காக இந்த அவசரம்?” என்று அதிகாரி அதட்டினார். காலை லேசாக்கினார். விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. திரையில் கிலோமீட்டர்கள் ஓடின. ஒரு கட்டத்தில் அவருக்கே நிஜமாகப் போய்க்கொண்டிருப்பதைப் போல ஒரு மயக்கம். போன வருஷம் வண்டி நின்றுபோன கிலோமீட்டர் திரையில் வந்ததும் தன்னையறியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நிற்கவில்லை. தாண்டிவிட்டார். தாண்டியபோது மனுஷனுக்குச் சிரிப்புகூட வந்தது. சம்பந்தி மட்டும் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்த அடுத்த நொடியே தன் மேல் வெறுப்பும் வந்தது. அங்கே மகள் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள், இவர் இங்கே சுவரைப் பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியை ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

மணி அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் ‘சேர்ந்தாயிற்று’ என்று வந்தது. அதற்குக் கீழே, லிட்டருக்கு இருபத்திரண்டு.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒல்லி ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநரே முன்வந்து கைகுலுக்கினார். “பாத்தீங்களா? உங்க ஊருக்கு நீங்க வந்து சேர்ந்துட்டீங்க. ஒரு சொட்டுகூட அதிகமா குடிக்காம! இனிமே அந்த நம்பர் பொய்னு உங்க வாயால சொல்ல முடியுமா?”

“சொல்லல சார். இப்பவாவது வண்டியை மாட்டிக் குடுங்க, நான் கிளம்பணும்.”

“கிளம்பணுமா? எங்க?”

“என் பொண்ணு ஊருக்கு.”

இயக்குநரும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லது செய்தும் புரிந்துகொள்ளாத மனிதரிடம் காட்ட வேண்டிய பொறுமையோடு அதிகாரி சொன்னார்: “அங்கதானே இப்ப இருக்கீங்க? பதிவாயிடுச்சு. இனிமே நீங்க இங்கேர்ந்து கிளம்பினா அது திரும்பி வர்ற பயணம். அதுக்கு வேற சோதனை. நாளைக்குக் காலையில வாங்க.”

“நாளைக்கா? அது வரைக்கும் வண்டி?”

“வந்து சேர்ந்த வண்டிக்கு என்ன அவசரம்?”

அச்சகக்காரர் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது என்று தெரியவில்லை. நீலச் சட்டைகள் சாப்பிடப் போனார்கள். இயக்குநர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் கேனைத் தூக்கி டேங்க்கில் பெட்ரோல் ஊற்றும் சத்தம் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே கேட்டது. சுவரோரம் தொட்டில் நிறைய நட்டும் போல்ட்டும் கிடந்தன. மெருகில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

போன் அடித்தது. மகளேதான். குரலில் சோர்வும் சந்தோஷமும் சேர்ந்திருந்தன.

“அப்பா! பொண்ணுப்பா. உங்க மூக்கு அப்படியே இருக்கு. மாமனார் கையை நீட்டிக்கிட்டு நிக்குறார், நான்தான் மொதல்ல வாங்குவேன்னு. எங்கப்பா வரட்டும்னு சொல்லி நான் யார்கிட்டயும் குடுக்கல. எங்க இருக்கீங்கப்பா? வந்துட்டீங்களா?”

பின்னால் ஒரு சின்ன அழுகைக் குரல் கேட்டது. அச்சகக்காரர் திரையைப் பார்த்தார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ விசிறியை நிறுத்தினார்கள். எதிர்க்காற்று ஓய்ந்தது.

“வந்து சேர்ந்துட்டேன்னுதாம்மா எழுதியிருக்கு” என்றார் அவர். “ஆனா இங்க நீங்க யாரும் இல்லையேம்மா.”